ஆபரேஷன் சென்னையில், அதற்குப் பிறகு எல்லாம் மன்னார்குடியில்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர் எவரும் முதலில் கேட்பது, "உசுருக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல டாக்டர்?" என்பதைத்தான். "ஒரு சதவீதத்துக்கும் கம்மிதாங்க" என்று பதில் வரும். அது பொய் இல்லை. அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் முதன்முறையாக இந்த அறுவையைச் செய்துகொண்ட 4,776 பேரைக் கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். ஆயிரத்துக்கு மூன்று பேர். இறப்பையும் சேர்த்து, பெரிய சிக்கல் ஏதோ ஒன்றைச் சந்தித்தவர்கள் 4.3 சதவீதம். அதற்குப் பிறகு கருவிகளும் கைப்பழக்கமும் மேம்பட்டு, நல்ல மையங்களில் இந்த எண் இன்னும் இறங்கியிருக்கிறது. பித்தப்பைக் கல்லுக்குச் செய்கிற அறுவையோடு ஒப்பிட்டுப் பேசும் அளவுக்கு வந்துவிட்டது.

எண்ணில் குறை இல்லை. அது எந்த இடத்தில், எத்தனை நாளைக்குக் கணக்கெடுத்த எண் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தினமும் இதே அறுவையைச் செய்யும் மையத்தில், முதல் 30 நாட்களுக்கு எடுத்த கணக்கு அது. காவிரி டெல்டாவிலிருந்து போகிறவர் சென்னையிலோ திருச்சியிலோ ஆபரேஷன் முடித்து, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வீடு திரும்பிவிடுகிறார். கசிவு, வாந்தி, சத்துக்குறைவு, பழைய மாத்திரையால் வரும் வம்பு எல்லாம் அதன்பிறகுதான் தலைகாட்டும். அப்போது அவரைப் பார்க்கப்போவது அறுவை செய்த டாக்டர் அல்ல. மன்னார்குடியிலோ பாபநாசத்திலோ பத்துக்குப் பத்து அறையில் நோயாளி பார்க்கும் நம்மூர் டாக்டர். சென்னை டாக்டர் சொன்ன சதவீதத்தில் இந்த வித்தியாசம் சேர்ந்திருக்காது.

2024இல் சென்னைப் புறநகரில் ஓர் இளைஞர் இந்த அறுவைக்குப் போய் இறந்ததும், அரசு விசாரணை நடந்து அந்த மருத்துவமனையின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு செய்தி வந்தால் ஊரே பயப்படுகிறது. பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயம் ஆபரேஷன் மேஜையோடு நின்றுவிடுகிறது. இந்தக் கட்டுரை மேஜையிலிருந்து இறங்கியதற்குப் பிந்தைய கதையைப் பற்றியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற ஆபரேஷன்" என்று பலர் நினைப்பது வேறு. அது தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை எடுத்து உருவத்தைத் திருத்தும் அழகுச் சிகிச்சை. சர்க்கரை நோயையோ குறட்டையோடு வரும் மூச்சுத் தடையையோ அது தீர்க்காது. நாம் பேசுவது வயிற்றுக்குள் இரைப்பையை மாற்றியமைக்கிற அறுவை. இதில் இரண்டு வகைகள்தான் இப்போது பெருமளவு நடக்கின்றன. ஒன்று ஸ்லீவ்: இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம்போல் ஒரு குழாயாக விடுவது. வெட்டியதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. இன்னொன்று பைபாஸ்: இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை ஒன்றை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைப்பது. சாப்பாடு குடலின் முதல் பகுதியைத் தொடாமலே போய்விடும். இருதயத்துக்குச் செய்யும் பைபாஸோடு இதற்குப் பெயர் ஒற்றுமை தவிர வேறு சம்பந்தம் இல்லை. ஒரு வருடத்தில் ஸ்லீவில் மொத்த எடையில் கால் பங்கு வாக்கிலும், பைபாஸில் அதைவிடச் சற்று அதிகமாகவும் குறைவது வழக்கம். இரண்டிலுமே பின்னாளில் கொஞ்சம் எடை திரும்ப ஏறும். சிலருக்கு நிறையவே ஏறும்.

வாய்வழியே குழாய் விட்டு இரைப்பைக்குள் பலூன் வைப்பது அறுவையே அல்ல. சில மாதங்களில் எடுத்துவிடுவார்கள், எடுத்தபின் பெரும்பாலோருக்கு எடை திரும்பும்.

ஆறாம் நாள் இரவு

மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வயது 48, எடை 130 கிலோ, சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. ஆண், 45 வயதுக்கு மேல், இரத்த அழுத்தம் என்ற மூன்றுமே ஆபத்தைக் கூட்டுபவை. பிஎம்ஐ (எடையை உயரத்தோடு ஒப்பிடும் அளவு) 50க்கு மேல் இருப்பதும், காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் வாய்ப்பும் மற்ற இரண்டு. அறுவை மருத்துவர்கள் இந்த ஐந்தையும் வைத்து ஒரு மதிப்பெண் போடுவது உண்டு. 28 வயதுப் பெண் ஒருவருக்குச் சொல்லப்படும் "ஒரு சதவீதத்துக்கும் கம்மி" இவருக்கும் அப்படியே பொருந்தாது. "பொதுவாச் சொல்றது இருக்கட்டும் டாக்டர், என் வயசுக்கு, என் உடம்புக்கு எவ்வளவு?" என்று கேட்க வேண்டியவர் இவர்.

சென்னையில் ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. நான்காம் நாள் மன்னை எக்ஸ்பிரஸில் ஊருக்கு வந்துவிட்டார். ஆறாம் நாள் இரவு இடது தோள்பட்டையில் ஒரு பிடிப்பு. லேசாக மூச்சு வாங்குகிறது. காய்ச்சல் அனலடிக்கவில்லை, நெற்றியைத் தொட்டால் வெதுவெதுப்புதான். "வாயுவா இருக்கும்ங்க, ஓமத்தண்ணி போட்டுத் தரேன்" என்கிறார் மனைவி. காலையில் பக்கத்து கிளினிக்குக்குப் போகிறார்கள். இடது தோள் வலி என்றதும் ஈசிஜி எடுக்கிறார்கள். மாரடைப்பு இல்லை. ஒரு கேஸ் ஊசி, ஒரு வலி ஊசி. நாடித்துடிப்பு 124 என்று சீட்டில் எழுதியிருக்கிறது. அதை யாரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

அந்த 124தான் முழுக் கதையும். இரைப்பையைத் தைத்த கோட்டில் எங்கோ ஓர் இடம் விட்டுப்போய், உள்ளே கசிகிறது. ஸ்லீவில் நூற்றுக்கு ஒருவர், இருவருக்கு இது நேரலாம். பலருக்கு வீட்டுக்கு வந்த பிறகே தெரியவரும். கசிவு என்றால் வயிறு கல்லாகி, காய்ச்சல் கொதித்து, ஆள் துடிப்பார் என்றுதான் நினைக்கிறோம். பருமனான உடம்பில் வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஆளும் நடமாடிக்கொண்டிருப்பார். முதலில் காட்டிக்கொடுப்பது நாடிதான். இளைப்பாறி உட்கார்ந்திருக்கும்போதும் நிமிடத்துக்கு 120க்கு மேல் விடாமல் அடித்தால், வேறு காரணம் உறுதிப்படும்வரை கசிவு, உள்ளே இரத்தப்போக்கு, நுரையீரலில் இரத்தக்கட்டி ஆகிய மூன்றையும் சந்தேகிக்க வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் பாலபாடம். சி.டி. ஸ்கேன் தேவைப்படும். தேவைப்பட்டால் மீண்டும் உள்ளே பார்க்க வேண்டியிருக்கும். அதற்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திருச்சிக்கோ போயாக வேண்டும். அதுவும் மணிக்கணக்கில் தள்ளிப்போடாமல்.

இதில் கிளினிக் டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் தன் தொழிலில் இப்படி ஒரு நோயாளியைப் பார்த்தே இருக்கமாட்டார். நோயாளி கையில் இருந்த பிளாஸ்டிக் ஃபைலில் பன்னிரண்டு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி இருந்திருக்கும். எந்தக் குறி தெரிந்தால் உடனே யாருக்கு போன் போட வேண்டும் என்ற ஒரு வரி அதில் முதல் பக்கத்தில் இருந்திருக்காது. எனக்குத் தெரிந்து இதற்கு ஒரே வழி, வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, கோடியக்கரை போன்ற கடைக்கோடி ஊர்க்காரர்கள் முதல் இரண்டு வாரமாவது அறுவை செய்த ஊரிலேயே, அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கிவிடுவது. சொந்தக்காரர் வீடோ லாட்ஜோ, ஆகிற செலவு ஆகட்டும். அறுவை ஆன புதிதில் எட்டு மணி நேரம் காலைத் தொங்கவிட்டுப் பஸ்ஸில் வருவதே காலில் இரத்தம் உறைய ஒரு காரணம். தங்கினால் அதுவும் தவிரும்.

குளுக்கோஸ் பாட்டில்

நம்ம ஊரில் வாந்தி என்று போனால் முதலில் நடப்பது என்ன? கட்டிலில் படுக்கவைத்து ஒரு குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடுவார்கள். நோயாளியே கேட்டு வாங்கிக்கொள்வதும் உண்டு: "ஒரு பாட்டில் ஏத்துங்க சார், தெம்பா இருக்கும்." பெரும்பாலோருக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. இந்த அறுவை செய்துகொண்டு, வாரக்கணக்கில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கோ அந்த ஒரு பாட்டில் மூளையைக் கெடுத்துவிடக்கூடும்.

காரணம் தயமின் என்கிற வைட்டமின் பி1. உடம்பில் இதன் இருப்பு இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான் காணும். தினம் சாப்பாட்டிலிருந்து வந்தால்தான் உண்டு. அறுவைக்குப் பிறகு சாப்பாடே சில வாய். அதுவும் வாந்தியாகப் போனால் இருப்பு தீர்ந்துவிடும். குளுக்கோஸை எரிக்க உடம்புக்கு இந்த வைட்டமின் தேவை. இருப்பு காலியான நேரத்தில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருந்த கொஞ்சநஞ்சமும் அதற்கே செலவாகி மூளை தவித்துப்போகிறது. பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், கருவிழி ஒரு பக்கம் சரியாக அசையாது, நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். வெர்னிக்கி என்று இதற்குப் பெயர். பெரும்பாலும் அறுவை நடந்து ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் வரும். தாமதித்தால் ஞாபகசக்தி நிரந்தரமாகவே போய்விடலாம். தடுப்பதோ மிக எளிது: பாட்டிலுக்கு முன்னால் தயமின் ஊசி. விலை அற்பம். குடிநோயாளிகளுக்குக் கொடுப்பதற்காக அரசு மருத்துவமனைகளிலும் போதை மீட்பு மையங்களிலும் வைத்திருக்கும் அதே மருந்துதான்.

இந்த வைட்டமினுக்கும் நம் சோற்றுக்கும் பழைய உறவு உண்டு. பழைய சென்னை மாகாணத்தில், தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய், பச்சரிசி சாப்பிட்ட வடசர்க்கார் (இன்றைய ஆந்திரக் கடலோரம்) பகுதியில் வாட்டியதே தவிர, புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களை அப்படி வாட்டவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. 1930களிலும் 40களிலும் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் விஞ்ஞானம் தெரிந்து புழுங்கலுக்குப் போகவில்லை. ஆனாலும் அது காப்பாற்றியது. இரைப்பை நூறு, நூற்றைம்பது மில்லிக்குச் சுருங்கிய பிறகு அந்தக் காப்பு போதாது. அத்தனை சோறு உள்ளே போகவே போகாது.

ஆகவே ஆபரேஷன் செய்துகொண்டவர் வீட்டில் எல்லோருக்கும் ஒரு வரி தெரிந்திருக்க வேண்டும்: "எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆனவர், குளுக்கோஸுக்கு முன்னாடி பி1 ஊசி போடுங்க." இதை டிஸ்சார்ஜ் ஃபைலின் அட்டையிலேயே தமிழில் எழுதி ஒட்டிவிடலாம். டாக்டருக்குப் பாடம் நடத்துவதாக ஆகிவிடுமோ என்று கூச்சப்பட இது நேரமில்லை. இரண்டு நாளுக்கு மேல் எதுவும் தங்காமல் வாந்தி வந்தால், அறுவை செய்த இடத்துக்கே தகவல் போக வேண்டும். தையல் போட்ட இடம் சுருங்கி அடைத்திருக்கலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு பிரச்சினை தண்ணீர். அறுவைக்குப் பிறகு மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு அடிக்கடி காரணமாவது கசிவு அல்ல, உடம்பு வறண்டுபோவது. ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு என்று நாளெல்லாம் குடித்தே ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டும். மடமடவென்று ஒரு சொம்பு இனி இறங்காது. கத்திரி வெயிலில் வயலுக்கோ களத்துமேட்டுக்கோ போகிறவருக்கு இது சாதாரணக் காரியம் அல்ல. நீர்மோர், இளநீர் ஆகும். கோலி சோடா ஆகாது. நாகூர், கூத்தாநல்லூர் பக்கம் நோன்பு வைப்பவர்களும், சஷ்டிக்குப் பட்டினி கிடப்பவர்களும் முதல் வருடம் அதைப் பற்றித் தனியாகக் கேட்டுக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். தேதியையே மாற்றி வைத்துக்கொள்வது நல்லது: ரம்ஜானுக்கு முன்போ கோடைக்கு முன்போ ஆபரேஷன் வேண்டாம்.

இலையில் என்ன மாறும்

டெல்டாச் சாப்பாடு என்பது சோற்றைக் குழம்பில் ஒருமுறை, ரசத்தில் ஒருமுறை, மோரில் ஒருமுறை பிசைந்து இறக்குவது. அறுவைக்குப் பின் சாப்பாட்டோடு திரவம் சேரக்கூடாது. சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் குடிக்கலாம். முதல் கவளம் பருப்பாகவோ முட்டையாகவோ மீனாகவோ இருக்க வேண்டும், ஏனென்றால் இடம் அவ்வளவுதான். சோற்றை முதலில் வைத்தால் புரதத்துக்கு இடமிருக்காது. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் என்பது குறைந்தபட்ச இலக்கு. கும்பகோணத்துச் சைவ வீட்டில் பருப்பு, தயிர், பனீர், சுண்டல் என்று திட்டமிட்டாலொழிய அது எட்டாது; மாவாகக் கரைத்துக் குடிக்கும் புரதத்தை நாட வேண்டிவரும். எட்டாதபோது கொழுப்போடு தசையும் கரையும்.

பைபாஸ் செய்துகொண்டவர் கல்யாணப் பந்தியில் ஒரு கரண்டி அசோகா அல்வாவை வாயில் போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இனிப்பு நேராகக் குடலில் இறங்குகிறது. அரை மணிக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், வயிறு முறுக்கும், எங்காவது படுத்தால் தேவலை என்றிருக்கும். சிலருக்கு ஓரிரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். உயிருக்கு ஆபத்து என்று சொல்லமாட்டேன். ஆனால் "பாயசமே சாப்பிடலியே, கோபமா?" என்று கேட்கும் மாமாக்கள், அத்தைகள் நிறைந்த ஊரில் இதோடு வாழ்வது லேசல்ல.

மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி. பைபாஸில் கட்டாயம், ஸ்லீவிலும் தேவை. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும். இடையில் இரண்டு மணி நேரம் வேண்டும். டிகிரி காபியோடு இரும்பு மாத்திரையை விழுங்கினால் பாதி வீண். முதல் ஆண்டில் சில முறையும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் இரத்தப் பரிசோதனை. "மாத்திரையிலேர்ந்து விடுதலை" என்று எண்ணி ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைகளின் கதை வேறு. சுகர் பல நேரம் ஆபரேஷன் ஆன சில நாட்களிலேயே, எடை குறையும் முன்பே இறங்கத் தொடங்கும். பழைய அளவிலேயே இன்சுலினோ மாத்திரையோ தொடர்ந்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும். பிரஷர் மாத்திரையும் அப்படியே. மாதாமாதம் மருத்துவ முகாமில் ஒரே மாத்திரையை வாங்கிச் சாப்பிடும் பழக்கத்தில் இதை எவரும் கவனிப்பதில்லை. இன்னொன்று, வலி மாத்திரை. நடவு முடிந்தால் முழங்கால் வலிக்கு மெடிக்கலில் சீட்டே இல்லாமல் டைக்ளோபினாக் வாங்குவது இங்கே சகஜம். பைபாஸ் ஆனவருக்கு அது இணைப்பு இடத்தில் புண் உண்டாக்கும். புண் ஓட்டையாகவும் ஆகலாம். பீடி, சிகரெட்டும் இதே வேலையைச் செய்யும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் புதிதாக வரலாம், இருந்தது கூடலாம். ஏற்கெனவே எதுக்களிப்பு கடுமையாக உள்ளவருக்கு ஸ்லீவ் சரியான தேர்வல்ல. எண்டோஸ்கோபி பார்க்காமல் வகையை முடிவு செய்யும் இடத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் சேரும். மூன்றாம் மாதம் வாக்கில் முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். தோல் தொங்கும், அது தானாகச் சரியாகாது. பைபாஸ் ஆனவருக்குப் பல வருடம் கழித்தும் விட்டுவிட்டு வயிற்றுவலி வந்தால், குடல் உள்ளே சந்தில் மாட்டிக்கொண்டிருக்கலாம். அல்சர் என்று மாத்திரையில் ஓட்டக் கூடாது.

ஆவணியில் ஆபரேஷன், தையில் கல்யாணம்

பெண்ணுக்கு 26 வயது, பிசிஓடி, மாதவிடாய் ஒழுங்கில்லை, எடை 95. வரன் வந்து வந்து போகிறது. ஆவணியில் ஆபரேஷன் முடித்துத் தையில் கல்யாணம் வைத்துவிடலாம் என்று வீட்டார் போடும் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கணக்கில்தான் சத்தமில்லாத ஆபத்து இருக்கிறது. எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு சட்டென்று கூடும். அதே சமயம் உடம்பில் சத்து மிகக் குறைந்திருக்கும் காலமும் அந்த முதல் ஒன்று, ஒன்றரை வருடம்தான். அதுவரை கர்ப்பம் வேண்டாம் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் அறிவுரை. போலிக் அமிலம், இரும்பு, பி12 குறைவோடு கரு உருவானால் பாதிப்பு குழந்தைக்கு. கருத்தடை மாத்திரையும் பைபாஸுக்குப் பிறகு சரியாக உறிஞ்சப்படும் என்று நம்ப முடியாது. "கல்யாணமாகி மூணு மாசம் ஆச்சு, ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்கும் ஊரில், ஒன்றரை வருடம் தள்ளிப்போடு என்பதைப் புது மருமகள் யாரிடம் சொல்வாள்? மாப்பிள்ளை வீட்டில் ஆபரேஷனை மறைத்துவிட்டால் தினமும் மாத்திரை விழுங்குவதையும் மறைக்க வேண்டும். மாத்திரை நின்றுபோகும் வீடுகள் இப்படித்தான் உண்டாகின்றன.

இன்னொரு நுணுக்கம்: நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பைபாஸ் ஆன பெண்ணுக்கு அந்த ஒரு டம்ளர், அசோகா அல்வாவைவிட மோசம். வீட்டில் சில நாள் குளுக்கோமீட்டரால் பார்த்துச் சொல்லும் மாற்று வழி உண்டு. ஆனால் நர்ஸம்மாவிடம் ஆபரேஷன் ஆனதைச் சொன்னால்தான் அது நடக்கும்.

ஆண்கள் பக்கம் மறைக்கப்படுவது குடி. பைபாஸுக்குப் பிறகு மது வேகமாக இரத்தத்தில் ஏறும். ஒரு குவார்ட்டருக்கு முன்பு ஏறாத போதை பாதியிலேயே ஏறும். 2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், குடிநோய் அறுவைக்கு அடுத்த முதல் ஆண்டில் கூடவில்லை. இரண்டாம் ஆண்டில் கூடியது. டாக்டரிடம் போவதை எல்லோரும் நிறுத்திவிடும் சமயமும் அதுதான். சோற்றில் கிடைத்த ஆறுதலைப் பறித்துவிட்டால் மனம் வேறு எங்காவது தேடும். மனச்சோர்வும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் சிலருக்கு அதிகரிப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அறுவைக்கு முன் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் "நான் என்ன பைத்தியமா?" என்று கோபப்படத் தேவையில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு வேண்டாமென்று ஒதுங்கினால் அதுவும் எல்லோருக்கும் சரியல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அறுவை தேவையே இல்லை. ஆனால் பிஎம்ஐ 40ஐத் தாண்டி, சுகர் மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்காமல், இரவில் மூச்சு நின்று நின்று வருகிற ஒருவர் எதுவும் செய்யாமல் இருப்பதற்கும் ஆபத்துக் கணக்கு உண்டு. சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், சராசரியாகப் பதினோரு ஆண்டு பார்த்தபோது, அறுவை செய்துகொண்டவர்களின் இறப்பு, செய்துகொள்ளாத பருமனானவர்களைவிட ஏறக்குறைய 29 சதவீதம் குறைவாக இருந்தது. மேலே சொன்ன உரக்கடைக்காரருக்கு நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இரண்டு வாரம் சென்னையில் தங்கு என்றுதான் சொல்வேன். 2025இல் டிர்செபடைடும், எடைக்கான செமாகுளூடைடும் ஆகிய எடைக்குறைப்பு மருந்துகள் இந்தியச் சந்தைக்கு வந்தபின், அறுவை வேண்டுமா வேண்டாமா என்று நடுவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் கிடைத்திருக்கிறது. வாரம் ஒரு ஊசி. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும், செலவும் தொடரும்; ஆனால் இரைப்பை அப்படியே இருக்கும். அதை முயன்று பார்க்காமல் பிஎம்ஐ 33க்குக் கத்தி எடுக்கச் சொல்பவரிடம் காரணம் கேட்கலாம்.

கடைசியாகப் பணம். மருத்துவர் சொல்லும் வரம்பும் காப்பீட்டு நிறுவனம் சொல்லும் வரம்பும் ஒன்றல்ல. அதே பிஎம்ஐயிலும் ஆசியர்களுக்கு உடற்கொழுப்பு விகிதம் அதிகம் என்பதால் சர்க்கரை போன்ற துணை நோய் இருந்தால் பிஎம்ஐ 32.5, இல்லாவிட்டால் 37.5 என்பது நெடுநாள் வழக்கில் இருந்த அளவு. அண்மைய பரிந்துரைகள் இன்னும் கீழே இறங்குகின்றன. 158 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 32.5 என்பது 81 கிலோ. ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது நிபந்தனையில், 40 இருக்க வேண்டும். அல்லது 35ஓடு கட்டுக்கடங்காத சர்க்கரை, இருதய நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை போன்ற ஒன்று இருக்க வேண்டும். மற்ற சிகிச்சைகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். அதே பெண்ணுக்கு அது 87 கிலோவும் நோயும், அல்லது 100 கிலோ. 81க்கும் 87க்கும் இடையில் இருப்பவர் மருத்துவக் கணக்கில் தகுதியானவர், பாலிசிக் கணக்கில் தகுதியில்லாதவர். இந்த இடைவெளியில் இருப்பவர்கள்தான் நகையை அடகு வைத்து பேக்கேஜ் கட்டுகிறார்கள்.

பேக்கேஜ் பேசும்போது மூன்று நாள் ரூமும் டாக்டர் ஃபீஸும் சேர்ந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கசிவு ஏற்பட்டு மறுபடி தியேட்டருக்குள் போக நேர்ந்தால், பத்து நாள் ஐசியூவில் இருக்க நேர்ந்தால், அந்தப் பணம் இதில் அடக்கமா? இரவு இரண்டு மணிக்கு மன்னார்குடியிலிருந்து போன் வந்தால் எடுக்கப்போவது டாக்டரா, ரிசப்ஷனா? இந்த இரண்டுக்கும் பதிலை எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் வராதுங்க, பயப்படாதீங்க" என்று வாயால் மட்டும் சொல்லி எழுதித் தர மறுத்தால், அட்வான்ஸ் கட்டாமல் எழுந்து வந்துவிடலாம். திருச்சியிலும் சென்னையிலும் வேறு இடங்கள் இருக்கின்றன.